மகள் பெயரில் ரூம், வாசலில் அப்பா அம்மா: லாட்ஜ்காரர் செய்தது சரியா?

சிங்கப்பூர் மகள்:
போன வாரம் கும்பகோணத்தில் நடந்தது. அப்பாவுக்கு 71 வயது, அம்மாவுக்கு 66. சூரியனார்கோயில், கஞ்சனூர், திருநள்ளாறு என்று நவக்கிரகக் கோயில்களைப் பார்த்துவரக் கிளம்பினார்கள். இங்கிருந்தே ஆப்பில் 2 பேருக்கு ரூம் போட்டு, 2 ராத்திரிக்கும் என் கார்டில் பணம் கட்டிவிட்டேன். கிளம்புகிற நேரத்தில் அத்தையும் சேர்ந்துகொண்டார்.

ராத்திரி ஒன்பதரைக்குப் போய் இறங்கினால், "ரூம் யார் பேர்ல இருக்கோ அவங்க வரணும்" என்கிறார் ரிசப்ஷனில் இருந்தவர். மகள் சிங்கப்பூரில் இருக்கிறாள் என்று அப்பா சொல்லியும் கேட்கவில்லை. என் பாஸ்போர்ட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன், ஒரிஜினல் வேண்டுமாம். அம்மாவுக்குக் கால் வீக்கம். பையை மடியில் வைத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கடைசியில் அத்தைக்கு 700 ரூபாய் தனியாக வாங்கிக்கொண்டுதான் சாவியைக் கொடுத்தார்கள். அந்த 700 ரூபாய்க்கு வந்தது ஒரு பாயும் ஒரு தலையணையும்.

பணம் கட்டியது நான், தங்கப்போவது என்னைப் பெற்றவர்கள். பணம் வாங்கும்போது கேட்காததை வாசலில் நிறுத்திவைத்துக் கேட்பது என்ன நியாயம்?

ரிசப்ஷன் 18 வருஷம்:
தங்கச்சி, வயசானவங்களை அவ்வளவு நேரம் உட்கார வைத்தது தப்பு. அதற்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். ஆனால் கேட்டது தப்பில்லை. நானும் டெல்டா பக்கம்தான் வேலை பார்க்கிறேன், வேறு லாட்ஜில்.

ரூமில் யார் படுக்கிறார்களோ அவர்கள் பெயர்தான் ரிஜிஸ்டரில் ஏற வேண்டும். ராத்திரி ரவுண்ட்ஸ் வரும் போலீஸ் முதலில் புரட்டிப் பார்ப்பது அந்த நோட்டைத்தான். தங்குபவர் வெளிநாட்டு பாஸ்போர்ட் வைத்திருந்தால் 24 மணி நேரத்துக்குள் அவர் விவரத்தை அரசுக்கு ஆன்லைனில் ஏற்றியாக வேண்டும். அதில் பிசகினால் மாட்டுவது ஓனரும் நானும்.

கார்டு விஷயம் இன்னும் மோசம். திருட்டு கார்டில் யாருக்கோ ரூம் போடுகிறார்கள். வந்தவர் தங்கிவிட்டுப் போய்விடுவார். கார்டுக்குச் சொந்தக்காரர் பேங்கில் புகார் கொடுத்ததும் பணம் எங்களிடமிருந்து திரும்பப் போய்விடும். நான் யாரைத் தேடிப் போவது? உங்கள் அப்பா முகத்தைப் பார்த்தால் நல்லவர் என்று எனக்கும் தெரியும். முகத்தைப் பார்த்து ரூம் கொடு என்று எந்த முதலாளியும் சொல்ல மாட்டார்.

மதுரைப் பேத்தி:
அண்ணே, நீங்கள் சொல்வதிலேயே பதில் இருக்கிறது. தங்குபவர் பெயர்தான் ரிஜிஸ்டரில் ஏற வேண்டும் என்றால், எதிரே நிற்கிற அப்பா அம்மாவின் ஆதாரை வாங்கி எழுதிக்கொள்ள வேண்டியதுதானே? தங்காத மகளின் ஒரிஜினல் எதற்கு?

பெயர்ச் சிக்கல் எனக்கும் வந்தது. ஆப்பில் குடும்பப்பெயர் போடாமல் அடுத்த பக்கத்துக்கே போக முடியாது. நமக்கு ஏது குடும்பப்பெயர்? இனிஷியலைப் போட்டால் ஏற்கவில்லை, அப்பா பெயரை முழுசாகப் போட்டேன். திருச்சியில் போய் நின்றால், என் பெயரில் புக்கிங்கே இல்லை என்கிறார்கள். அப்பா பெயரில் தேடியதும் வந்தது. ஆதாரில் ஒன்று, புக்கிங்கில் ஒன்று என்று அதற்கு ஒரு விசாரணை வேறு.

ரிசப்ஷன் 18 வருஷம்:
ஆதாரை வாங்கியிருக்கலாம், ஒத்துக்கொள்கிறேன். நானாக இருந்தால் மகளுக்கு போன் போட்டு, புக்கிங் நம்பரைச் சொல்லச் சொல்லி, அவர்கள் நம்பரிலிருந்தே ஒரு மெசேஜ் வாங்கிக்கொண்டு விட்டிருப்பேன். ராத்திரி ஷிப்டில் இருப்பது பெரும்பாலும் புதுப் பையன். அவனுக்கு அந்த அதிகாரம் கிடையாது.

ஆனால் மூன்றாவது ஆள் விஷயத்தில் இறங்கிவர மாட்டேன். 2 பேர் என்று சொல்லிவிட்டு 3 பேர் வந்தால் காசு கேட்கத்தான் செய்வார்கள். காலை டிபன் 2 பேருக்குத்தான் கணக்கு. முகூர்த்த நாளில் எங்கள் பாட்டைப் பாருங்கள். டபுள் ரூம் போட்டிருப்பார்கள், விடியற்காலை 4 மணிக்கு உள்ளே 11 பேர் இருப்பார்கள். குளிக்க, புடவை கட்ட, தலை பின்ன என்று வரிசை. 5 மணிக்கு மேல்மாடித் தொட்டி காலி. பக்கத்து ரூம்காரர் சோப்பு நுரையோடு என்னைக் கூப்பிடுவார். அவர்கள் போன பிறகு பார்த்தால் கர்ட்டன் கம்பி முழுக்க ஈரத்துண்டு, பாத்ரூம் ஜல்லடையில் மல்லிகைப்பூவும் முடியும் அடைத்துத் தண்ணீர் கணுக்கால் வரை நிற்கும். பிளம்பருக்கு யார் கொடுப்பது?

கல்யாண வீட்டுக்காரர்:
அந்த 11 பேரில் நானும் ஒருவன். மண்டபத்தில் 2 பாத்ரூம், வந்திருப்பது 200 பேர். ரூம் போட்டுக் கொடுத்ததே குளித்து உடுத்தத்தான். யாரும் அங்கே படுத்துத் தூங்கவில்லை. குளிக்க வருகிறவரை விருந்தாளி என்று வைத்து ஆளுக்கு 500 கேட்டால் கல்யாண வீட்டில் யார் முகத்தில் முழிப்பது?

ரிசப்ஷன் 18 வருஷம்:
சார், அதை முன்னாடியே சொல்லுங்கள். "குளிக்க 10 பேர் வருவார்கள்" என்றால் மோட்டாரைப் போட்டுத் தொட்டியை நிரப்பி வைப்போம். ஒரு தொகை பேசிக்கொள்ளலாம். யாருமே சொல்வதில்லை.

வக்கீல் குமாஸ்தா:
இரண்டு விஷயம். அந்த 700 ரூபாய்க்கு பில் கொடுத்தார்களா? கூடுதல் ஆளுக்கு வாங்குவதும் ரூம் வாடகையோடு சேர்ந்ததுதான். ஜிஎஸ்டி பதிவு உள்ள லாட்ஜ் என்றால் அதுவும் பில்லில் ஏற வேண்டும். நாள் வாடகை 7,500 ரூபாய் வரை உள்ள ரூமுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் வரி 5 சதவீதம். கையில் வாங்கிப் பையில் போட்டிருந்தால் அது லாட்ஜ் விதி இல்லை, அந்த ஆளின் விதி.

அடுத்தது, "இவங்க உங்களுக்கு என்ன உறவு" என்ற கேள்வி. கல்யாணமான தங்கைக்கும் அண்ணனுக்கும் இனிஷியல் வேறாக இருக்கிறது என்று திருப்பி அனுப்பியதைப் பார்த்திருக்கிறேன். கோவையில் ஒரு சர்வீஸ் அபார்ட்மென்டுக்கு 2019இல் சீல் வைத்தார்கள். கல்யாணம் ஆகாத ஆணும் பெண்ணும் ஒரே ரூமில் தங்குவதைத் தடுக்கும் சட்டம் எதுவும் இல்லை என்று அந்த வழக்கில் அதே வருஷம் டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. 18 வயது நிரம்பியவர்கள், இருவரிடமும் அடையாள அட்டை இருக்கிறது என்றால் அதற்கு மேல் தோண்ட வேண்டியதில்லை.

ரிசப்ஷன் 18 வருஷம்:
தீர்ப்பு சரிதான். ஆனால் குடும்பங்கள் வந்து தங்கும் இடம் என்று பெயர் எடுத்த லாட்ஜ் அந்தப் பெயரைக் காப்பாற்றப் பார்க்கிறது. அதையும் தப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை.

வக்கீல் குமாஸ்தா:
அண்ணனையும் தங்கையையும் நடுராத்திரியில் தெருவில் நிறுத்தினால் எந்தப் பெயர் காப்பாற்றப்படுகிறது?

சிங்கப்பூர் மகள்:
அப்பாவிடம் கேட்டேன். 2 ராத்திரிக்கு பில் இருக்கிறது, 700 ரூபாய்க்கு இல்லை. கேட்கவும் தோன்றவில்லையாம்.

ரிசப்ஷன் அண்ணா, உங்கள் கஷ்டம் புரிகிறது. அத்தைக்குக் காசு கேட்டதை இனி தப்பு என்று சொல்ல மாட்டேன், நான்தான் 2 பேர் என்று போட்டேன். ஆனால் பாய்க்கு 700 என்பதை ஒத்துக்கொள்ள முடியாது. கூடுதல் ஆளுக்கு எவ்வளவு, கட்டிலா பாயா, டிபன் உண்டா என்று பணம் கட்டுகிற பக்கத்திலேயே போட்டிருந்தால் நான் மூன்று பேருக்கான ரூமையே எடுத்திருப்பேன். குழந்தைகள் கணக்கும் இப்படித்தான் இருக்கிறது. ஒரு இடத்தில் 5 வயது வரை இலவசம், இன்னொரு இடத்தில் 12. போய் நின்ற பிறகுதான் தெரிகிறது.

அடுத்த மாதம் திருச்செந்தூர் போகிறார்கள். இந்த முறை நேரடியாக லாட்ஜுக்கே போன் செய்தேன். மூன்று பேர் பெயரையும் ஆதாரில் உள்ளபடியே எழுதி அனுப்பச் சொன்னார்கள். "3 பேர், எக்ஸ்ட்ரா பெட் 600, டிபன் உண்டு, தங்குபவர்களின் ஒரிஜினல் ஆதார் போதும்" என்று வாட்ஸ்அப்பில் பதில் வந்தது. நகல் கேட்டால், கடைசி 4 எண் மட்டும் தெரிகிற ஆதாரைக் கொடுக்கலாமா?

மதுரைப் பேத்தி:
அந்த மெசேஜை பிரிண்ட் எடுத்து அப்பா பையில் வைத்துவிடு. ராத்திரி போன் சார்ஜ் தீர்ந்துபோயிருக்கும்.

ரிசப்ஷன் 18 வருஷம்:
நாங்கள் அந்த ஆதாரை வாங்கிக்கொள்வோம், அது ஆதார் ஆணையமே கொடுப்பதுதான். எதற்கும் அங்கே ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். அம்மாவுக்குக் கால் வீக்கம் என்றீர்களே, கீழ்த்தள ரூம் வேண்டும் என்பதையும் இப்போதே சொல்லிவிடுங்கள். நிறைய இடங்களில் லிப்ட் கிடையாது.