மூடப்பட்ட கேள்வி-பதில் தளங்களின் பழைய பதிவுகளைக் காக்க வேண்டுமா, கைவிட வேண்டுமா?

பழஞ்சுவடி எழுதியது:

யாஹூ ஆன்சர்ஸ் தளம் 2005 டிசம்பரில் தொடங்கி 2021 மே 4 அன்று மூடப்பட்டது. அதற்கு இரண்டு வாரம் முன்பே, ஏப்ரல் 20 முதல், படிக்க மட்டும் முடியும், எழுத முடியாது என்று ஆக்கிவிட்டார்கள். பயனர்கள் தங்கள் பதிவுகளை ஜூன் 30 வரை கேட்டுப் பெற்றுக்கொள்ளலாம் என்று அறிவித்தது உண்மைதான். ஆனால் அவரவர் எழுதியது மட்டுமே அவரவருக்குக் கொடுக்கப்பட்டது. பிறர் எழுதியது சேர்க்கப்படவில்லை. ஒரு கேள்வியும் அதற்கு வந்த ஏழெட்டுப் பதில்களும் சேர்ந்துதான் ஓர் உரையாடல். அந்த உரையாடலைப் பிரித்து ஆளுக்கொரு துண்டாகக் கொடுத்துவிட்டு, முழுமையாக இருந்த ஒரே இடத்தை அழித்துவிட்டார்கள்.

ஆர்க்கைவ் டீம் என்ற தன்னார்வக் குழுவினர் முடிந்தவரை பக்கங்களைப் படியெடுத்து, இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற நூலகத்தில் சேர்த்தார்கள். அவர்களுக்கு நாம் நன்றிக்கடன் பட்டிருக்கிறோம். ஆயினும் அந்த நூலகத்தின் வேபேக் மெஷின் என்ற சேவையில் பழைய பக்கத்தைப் பார்க்க வேண்டுமானால் அதன் முகவரி கையில் இருக்க வேண்டும். ஒரு கேள்வியிலிருந்து அதைப் போன்ற இன்னொரு கேள்விக்குப் போய், அங்கிருந்து வேறெங்கோ போய் வாசிக்கும் வழி பெரும்பாலும் அடைபட்டுவிட்டது.

2007-இல் ஒரு சாதாரண மனிதர் எதைப் பற்றிக் கவலைப்பட்டார், எதைக் கேட்கக் கூச்சப்பட்டுப் புனைபெயரில் கேட்டார், அக்கம்பக்கத்தாருக்குத் தெரியாமல் யாரிடம் ஆலோசனை தேடினார் என்பதற்கு நாளிதழ்களில் சான்று கிடைப்பது அரிது. இவற்றை முழுமையாகவும் தேடக்கூடிய வகையிலும் காப்பது நம் தலைமுறையின் பொறுப்பு என்பது என் உறுதியான கருத்து.

வைகறை எழுதியது:

ஐயா, தங்கள் ஆர்வத்தை மதிக்கிறேன். முடிவை ஏற்க முடியவில்லை. கூச்சப்பட்டுக் கேட்டார்கள் என்று தாங்களே சொல்கிறீர்கள். அப்படிக் கேட்டவர்களின் கூச்சத்தை நிரந்தரமாகக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் காட்ட நமக்கு யார் உரிமை கொடுத்தது?

என் உறவுக்காரப் பெண் ஒருத்தி கல்லூரியில் படித்தபோது, மன அழுத்தத்துக்கு மாத்திரை எடுத்துக்கொள்வது பற்றி ஒரு கேள்வி-பதில் தளத்தில் சொந்தப் பெயரிலேயே கேட்டிருந்தாள். அப்போது அவளுக்கு வேறு யாரிடமும் கேட்கத் துணிவில்லை. பல ஆண்டுகள் கழித்து அவளுக்கு வரன் பார்த்தபோது, மாப்பிள்ளை வீட்டார் அவள் பெயரை இணையத்தில் தேடிய உடனே மேலே வந்து நின்றது அந்தக் கேள்விதான். அவர்கள் நேரில் எதுவும் கேட்கவில்லை. தரகர் மூலம் 'ஜாதகம் பொருந்தவில்லை' என்று சொல்லி அனுப்பினார்கள். அவள் அந்தக் கணக்கின் கடவுச்சொல்லையும், அதைத் தொடங்கப் பயன்படுத்திய மின்னஞ்சலையும் எப்போதோ இழந்திருந்தாள். தளத்தை நடத்தியவர்களுக்கு எழுதிய கடிதங்களுக்குப் பதில் வரவில்லை.

யாஹூ மூடியபோது எத்தனையோ பேர் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டிருப்பார்கள் என்பதையும் தாங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆய்வாளருக்கு அது சான்று; எழுதியவருக்கு அது வாழ்க்கை.

நிரல்மொழி எழுதியது:

அந்தரங்கம் ஒருபுறம் இருக்கட்டும். பழைய பதில்களால் விளையும் நேரடிக் கேட்டைப் பற்றி யாரும் பேசவில்லையே.

நான் இளநிலை நிரலாளர்களுக்குப் பயிற்சி அளிப்பவன். 2008-இல் தொடங்கிய, நிரலாளர்களுக்கான கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில், பிஎச்பி என்ற நிரல்மொழி பற்றிய தொடக்க காலப் பதில்கள் பலவற்றில், பயனர் தட்டச்சு செய்ததை அப்படியே எஸ்கியூஎல் வரிக்குள், அதாவது தரவுத்தளத்துக்கு இடும் கட்டளைக்குள், ஒட்டவைக்கும் முறையைக் காணலாம். படிவத்தில் ஒரு மேற்கோள் குறியையும் அதன்பின் தன் கட்டளையையும் சேர்த்துத் தட்டினால் அந்த வரியின் பொருளை மாற்றி, தரவுத்தளத்தில் இருப்பதையெல்லாம் எடுத்துவிட முடியும். அந்தப் பதில்கள் நம்பியிருந்த பழைய மைஎஸ்கியூஎல் நீட்சியையே (தரவுத்தளத்தோடு பேச உதவிய பகுதியையே) 2015-இல் வந்த பிஎச்பி 7 நீக்கிவிட்டது. ஆனால் பதில் இன்னும் அங்கேயே இருக்கிறது. பக்கத்தில், கேட்டவர் அதை ஏற்றுக்கொண்டதைக் காட்டும் பச்சை நிறக் குறியும் பல வாக்குகளும் இருக்கின்றன. மாணவர் தேதியைப் பார்ப்பதில்லை, வாக்குகளைத்தான் பார்க்கிறார். பழைய பதிவுகளைக் குறிப்பிட்ட காலத்துக்குப் பிறகு தேடலிலிருந்தாவது விலக்கிவிட வேண்டும் என்பேன்.

பழஞ்சுவடி எழுதியது:

நிரல்மொழி அவர்களுக்கு: தாங்கள் சுட்டும் ஆபத்து மெய்யானது. ஆனால் அதே பதில்களின் கீழே 'இப்படி எழுதாதீர்கள்' என்று பிறர் எச்சரித்த பின்னூட்டங்களையும், பின்னர் திருத்தியவர்களின் திருத்த வரலாற்றையும் பார்த்திருப்பீர்கள். ஒரு தொழில் தன் தவற்றை எப்படிக் கண்டுகொண்டது என்பதை அவ்வளவு துல்லியமாகக் காட்டும் பதிவு வேறெங்கே இருக்கிறது? ஏற்கப்பட்ட பதில் எப்போதும் முதலிடத்தில் நிற்கும் வழக்கத்தை அந்தத் தளம் 2021-இல் கைவிட்டது. இப்போது வாக்கு அதிகம் பெற்ற வேறொரு பதில் மேலே வர முடிகிறது. தீர்வு அந்தத் திசையில் இருக்கிறது, நீக்குவதில் இல்லை.

வைகறை அவர்களுக்கு: தங்கள் உறவினருக்கு நேர்ந்தது பெரும் அநீதி. அந்த அநீதியைச் செய்தது, பெயரைத் தட்டியதும் அந்தப் பக்கத்தை முன்னால் கொண்டுவந்து நிறுத்திய தேடல்பொறி. 2014-இல் ஐரோப்பிய நீதிமன்றம் இதைத்தான் பிரித்துப் பார்த்தது. ஸ்பெயின் நாட்டவர் ஒருவரின் பழைய கடன் தொடர்பாக 1998-இல் ஒரு நாளிதழில் வந்த ஏல அறிவிப்பு, அவர் பெயரைத் தேடும்போதெல்லாம் கூகுளில் வந்துகொண்டிருந்தது. பெயர்வழித் தேடலிலிருந்து அந்த இணைப்பை நீக்கக் கோரும் உரிமை அவருக்கு உண்டு என்று தீர்ப்பாயிற்று. நாளிதழின் பக்கம் அழிக்கப்படவில்லை. எழுதியவரைக் காப்பதற்குப் பதிவை அழித்தே ஆகவேண்டும் என்பதில்லை.

கரிசல் எழுதியது:

இதுவரை பேசியதெல்லாம் பதிவு இருக்கலாமா என்பதைப் பற்றி. பதிவு இருந்தும் படிக்க முடியாமல் போவதைப் பற்றி நான் சொல்ல வேண்டும், ஏனென்றால் தமிழில் நமக்கு நடந்தது அதுதான்.

வலைத்தளங்களுக்கு முன்பே வந்த யூஸ்நெட் என்ற கலந்துரையாடல் வலையின் காலத்தில் தமிழர்களுக்கென்று தனிக் குழுவே இருந்தது. அங்கு பெரும்பாலும் ஆங்கிலத்திலும் ரோமன் எழுத்தில் எழுதிய தமிழிலும்தான் கேட்டார்கள், சொன்னார்கள். 1990-களின் பிற்பகுதியில் டிஸ்கி, டாப், டாம் என்று தமிழுக்கான எழுத்துக் குறியேற்றங்கள் (எழுத்துகளைக் கணினியில் எண்களாகப் பதியும் முறைகள்) ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. டிஸ்கியில் எழுதிய ஒரு கேள்வியை இன்றைய உலாவியில் திறந்தால் புள்ளியும் கோடும் தாங்கிய ஐரோப்பிய எழுத்துகளின் குவியல்தான் தெரியும். உள்ளே போய்ப் பார்த்தால் காரணம் விளங்கும். 'கொழும்பு' என்று எழுத டிஸ்கியில் முதலில் ஒற்றைக்கொம்பு, அடுத்து ககரம், அதன்பின் கால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே பதிந்தார்கள். இன்று எல்லாரும் பயன்படுத்தும் ஒருங்குறியில் (யூனிகோடில்) ககரம் முதலில் வரும், உயிர்க்குறி பின்னால் வரும். ஆகவே இன்று 'கொழும்பு' என்று தேடுகிறவருக்கு அந்தப் பதிவு கண்ணில் படவே படாது. பொங்குதமிழ் போன்ற மாற்றிகள், ஒட்டிய பழைய எழுத்தை ஒருங்குறிக்கு மாற்றித் தரும். ஆனால் ஒட்டுவதற்கு முதலில் அது எந்தக் குறியேற்றம் என்று தெரிந்திருக்க வேண்டும்.

டொரன்டோ பல்கலைக்கழக விலங்கியல் துறையில் ஹென்றி ஸ்பென்சர் 1981 முதல் யூஸ்நெட் மடல்களைக் காந்த நாடாக்களில் சேர்த்து வைத்தார். அவர் அப்படிச் செய்திராவிட்டால் அந்தப் பத்தாண்டில் பெரும்பகுதி நமக்குக் கிடைத்திருக்காது. தமிழ்ப் பக்கத்தில் அப்படி ஒருவர் இருந்தாரா என்று நினைக்கும்போது நெஞ்சு கனக்கிறது. வைகறை அவர்களே, தாங்கள் அழிக்கச் சொல்வதற்கு முன்பே எங்களுடையது பாதி அழிந்துவிட்டது.

வைகறை எழுதியது:

கரிசல் அவர்களே, தங்கள் இழப்பு எனக்குப் புரிகிறது. மொழி பற்றியும் எழுத்து பற்றியும் ஊர்வழக்கு பற்றியும் கேட்ட கேள்விகளை யாரும் அழிக்கச் சொல்லவில்லை. என் வாதம் உடலையும் மனத்தையும் குடும்பத்தையும் பற்றிய கேள்விகளைக் குறித்தது.

காப்பவர் யார் என்ற கேள்வியையும் விட்டுவிட்டோம். 2024 மே மாதம் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ, தன் தளத்தின் பதில்களைப் பயன்படுத்திக்கொள்ள ஓப்பன்ஏஐ என்ற செயற்கை நுண்ணறிவு நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்துகொண்டபோது, அதை எதிர்த்துத் தம் பழைய பதில்களை அழிக்க முயன்ற சிலரின் கணக்குகள் தற்காலிகமாக முடக்கப்பட்டன. எழுதியவர் தன் பதிலைத் திரும்ப எடுக்க முடியாது, நிறுவனம் மட்டும் அதை விற்கலாம் என்றால், காப்பகம் என்பது யாருடைய நலனுக்கு?

பழஞ்சுவடி எழுதியது:

அந்தத் தளத்தில் எழுதும் எவரும், பெயர் குறிப்பிட்டுப் பிறர் படியெடுத்துப் பகிர அனுமதிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தின் கீழ் எழுதுகிறார். அதைத் திரும்பப் பெற முடியாது. அதே உரிமம்தான் நாளை நிறுவனம் தளத்தை மூடினாலும் யார் வேண்டுமானாலும் முழுப் படியையும் எடுத்து வைத்துக்கொள்ள வழி செய்கிறது. யாஹூ ஆன்சர்ஸுக்கு அந்தக் காப்பு இருக்கவில்லை. மேலும், எழுதியவர் கேட்டால் பதிவை அவருடைய கணக்கிலிருந்து பிரித்துப் பெயரின்றி வைக்கும் ஏற்பாடும் அங்கே உண்டு. தங்கள் உறவினருக்கு அது ஒன்று கிடைத்திருந்தால் போதுமே?

வைகறை எழுதியது:

போதாது, ஐயா. அவள் அந்தக் கேள்வியின் உள்ளேயே தன் கல்லூரியின் பெயரையும், விடுதியில் தங்கியிருந்ததையும், அப்பாவின் தொழிலையும் எழுதியிருந்தாள். மேலே இருக்கும் பெயரை எடுத்துவிட்டாலும் எங்கள் ஊரில் அது யார் என்று எவரும் சொல்லிவிடுவார்கள். ஒவ்வொரு பதிவையும் மனிதர் ஒருவர் வாசித்து இத்தகைய விவரங்களை நீக்கிய பிறகே பொதுத் தேடலுக்குத் திறப்போம் என்று ஒரு காப்பகம் உறுதி சொல்லுமானால் என் எதிர்ப்பை விலக்கிக்கொள்கிறேன். அதுவரை அவை ஆய்வாளர் அனுமதி பெற்றுப் பார்க்கும் இடத்தில் பூட்டி வைக்கப்படட்டும்.

கரிசல் எழுதியது:

பூட்டி வைப்பதற்கு நான் சம்மதிக்கிறேன், ஆனால் ஒரு நிபந்தனையோடு: பூட்டுவதற்கு முன் எல்லாவற்றையும் ஒருங்குறிக்கு மாற்றி, மூலத்தையும் பக்கத்திலேயே வைத்துப் பூட்ட வேண்டும். இன்னும் இருபது ஆண்டு கழித்துத் திறக்கிறவருக்கு டிஸ்கி என்றால் என்னவென்று தெரிந்திருக்கும் என்று நாம் நம்பிக்கொண்டிருக்க முடியாது.