அரிஸ்டாட்டிலை தடை பண்ண பாரிஸ், அப்புறம் எப்படி பாடமா வச்சுது?

வணக்கம் மக்களே, ஒரு சின்ன உதவி வேணும். எங்க வாசிப்பு வட்டத்துல அடுத்த வாரம் நான் பேசணும், கிரேக்க தத்துவம் ஐரோப்பாவுக்கு எப்படி திரும்பி வந்துச்சுன்னு டாபிக். பாக்தாத்ல அரபிக்கு போனது, அங்கேர்ந்து ஸ்பெயின்ல இருக்கற டொலீடோல லத்தீனுக்கு வந்தது, அரபி தத்துவ அறிஞர் இப்னு ருஷ்த் அரிஸ்டாட்டிலுக்கு எழுதின உரைகள், இது வரைக்கும் ஓகே, ரெடி பண்ணிட்டேன். மாட்டிக்கிட்ட இடம் பாரிஸ்.

1210ல அரிஸ்டாட்டிலோட இயற்கை பத்தின நூல்களை அங்க பாடம் நடத்தக்கூடாதுன்னு தடை போட்டாங்க, மீறினா கிறிஸ்தவ திருச்சபைலேர்ந்தே விலக்கு. அதே ஊர் யுனிவர்சிட்டில 1255ல அதே நூல்கள் கட்டாய பாடம்! நடுவுல 45 வருஷம்தான். இந்த மாற்றம் அரிஸ்டாட்டிலை கிறிஸ்தவ இறையியலோட இணைச்ச துறவி தாமஸ் அக்வினாஸால தான்னு எல்லாரும் சொல்றாங்க, ஆனா அவர் அங்க மாஸ்டர் (பேராசிரியர்) ஆனதே 1256ல, அப்ப கணக்கு இடிக்குதே? அப்புறம் 1277ல பாரிஸ் பிஷப் 219 கருத்துக்களை கண்டிச்சு இன்னொரு தடவை குண்டு போடுறார், அதுல பல விஷயம் அரிஸ்டாட்டில் வழியா வந்ததுதான்.

அந்த 45 வருஷத்துல உள்ள என்ன நடந்துச்சுன்னு எளிமையா சொல்ற புக், லெக்சர் ஏதாவது தெரிஞ்சா கமெண்ட்ல போடுங்க ப்ளீஸ், தமிழ்ல இருந்தா ரொம்ப சந்தோஷம். வெள்ளிக்கிழமைக்குள்ள கிடைச்சா நல்லா இருக்கும்.