மறுமொழி: “நினைவகக் கோப்பு” சரிதானா?

> நிரல் எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவு உதவியாளருக்காக நாம் எழுதி வைக்கும் கிளாட்.எம்டி, ஏஜென்ட்ஸ்.எம்டி போன்ற குறிப்புக் கோப்புகளை “நினைவகக் கோப்பு” என வழங்கலாம்.

வணக்கம் ஐயா,

எனக்கு இது ஒப்பவில்லை. நினைவகம் என்றால் நமக்கு ஏற்கெனவே ரேம். அதைவிட, இந்தக் கோப்பால் எதுவும் நினைவில் தங்குவதில்லை. புது அமர்வை (செஷன்) திறந்ததும் நிரல் உதவியாளர் அதை முதல் வரியிலிருந்து படிக்கிறது, அவ்வளவுதான். மதகைத் திறந்து மூடும் லஸ்கர் மாறும்போது எத்தனை பலகை ஏற்றியிருக்கிறது என்று நோட்டில் எழுதி வைத்துவிட்டுப் போவார்களே, அதுபோல. வந்தவருக்கு நேற்றைய நினைவு கிடையாது, நோட்டு உண்டு.

மன்னார்குடிப் பக்கத்து விவசாயிகளுக்காக நெல் கொள்முதல் கணக்குச் செயலி ஒன்று எழுதிவருகிறேன். உதவியாளர் தினமும் காலையில் தாளடியை நெல் ரகம் என்று நினைத்து, பொன்னிக்குப் பக்கத்தில் பட்டியலில் சேர்த்துவிடும். திருத்துவேன். மறுநாளும் அதே கதை. கடைசியில் கோப்பில் மூன்றே வரி:

குறுவை, சம்பா, தாளடி பருவங்கள், ரகங்கள் அல்ல.
ஒரு சிப்பம் 40 கிலோ.
ஈரப்பதக் கணக்கு வரை முடிந்தது, அடுத்து ரசீது.

அப்புறம் தொல்லை இல்லை. மூன்றாவது வரியை, அமர்வை மூடுமுன் உதவியாளரையே எழுதச் சொல்லிவிடுகிறேன்.

ஆகவே என் பரிந்துரை: தொடர்குறிப்பு. வினைத்தொகை, எனவே க் மிகாது. தொடர்ந்த, தொடர்கிற, தொடரும் என்று மூன்று காலமும் அதற்குள் அடங்கிவிடும். (“விட்டகுறைக் கோப்பு” என்றும் ஆசை வந்தது. பூர்வஜென்ம வாடை அடித்ததால் விட்டுவிட்டேன்.)

—

சொல் நன்று, தம்பி. ஆனால் உங்கள் முதல் இரண்டு வரிகள் ஒரு சாதி, மூன்றாவது வேறு சாதி. அது நாளைக்கே பழசு. நான் இரண்டையும் கலந்து எழுதி, கோப்பு இருநூறு வரியைத் தாண்டிவிட்டது. சூழல் சாளரத்தில், அதாவது உதவியாளர் ஒரே நேரத்தில் கவனத்தில் வைக்கக்கூடிய அளவில், இடம் போனது ஒருபக்கம். என்றோ நீக்கிய தரவு அட்டவணை இன்னும் இருப்பதாக நம்பி உதவியாளர் நிரல் எழுதியது இன்னொரு பக்கம். அரை நாள் போயிற்று. முதல் வகைக்கு நிலைக்குறிப்பு, இரண்டாவதற்குத் தொடர்குறிப்பு என்று பிரிக்கலாமா?

—

பிரிக்க வேண்டியதுதான் ஐயா. நானும் இன்றே இரண்டு கோப்பாக்கிவிடுகிறேன். ஆனால் “நிலை” என்றதும் வாட்ஸப் ஸ்டேட்டஸ்தான் நினைவுக்கு வரும், பொருள் தலைகீழாகிவிடும். விதிக்குறிப்பு?