வின்ச் வாங்கப் போகிறேன், கயிறு விஷயத்தில் உங்கள் யோசனை வேண்டும்

நண்பர்களே, போன மாதம் என் வண்டி அச்சு வரை சேற்றில் இறங்கிவிட்டது. கூட வந்தவரின் வின்ச்சால் (வண்டியின் முன்னால் பொருத்தி, கேபிளைச் சுருட்டி இழுக்கும் கருவி) இழுத்தபோது ஸ்டீல் கேபிள் அறுந்து, பானெட் மேல் சாட்டை மாதிரி அடித்து ஒரு முழத்துக்குப் பள்ளம் போட்டது. கேபிளில் ஏற்கெனவே இரண்டு மூன்று இழை பிரிந்து முள்ளாக நின்றதை நாங்கள் கவனிக்கவில்லை. அறுந்தால் பாய்வதைக் குறைக்கக் கேபிள் மேல் ஒரு கனமான போர்வையைக்கூடப் போடவில்லை. பக்கத்தில் யாரும் நிற்காததால் தப்பித்தோம், இன்னும் நெஞ்சு படபடக்கிறது.

சரி, இப்போது சொந்தமாக ஒன்று வாங்க வேண்டும். ஆட்கள், சாமானோடு வண்டி 2,400 கிலோ. வின்ச்சின் இழுவிசை வண்டி எடையில் ஒன்றரை மடங்காவது இருக்க வேண்டும் என்ற கணக்குப்படி 3,600 கிலோ வருகிறது, ஆனால் கயிறு சுற்றும் டிரம்மில் முதல் அடுக்கில்தான் முழு இழுவிசை, அடுக்கு ஏற ஏறக் குறையும் என்பதால் 9,500 பவுண்டு, அதாவது சுமார் 4,300 கிலோ எடுக்கலாம் என்று நினைக்கிறேன். போதாத இடத்தில் ஸ்னாட்ச் பிளாக் (கயிற்றை மடக்கி இழுக்கும் கப்பி) போட்டால் வேகம் பாதியானாலும் இழுவிசை ஏறக்குறைய இரட்டிப்பாகும்.

குழப்பம் கயிற்றில்தான். சிந்தெடிக் கயிறு லேசானது, அறுந்தாலும் கேபிள் அளவுக்குப் பாயாது. ஆனால் வெயிலும் மணலும் அதைத் தின்றுவிடும், டிரம்முக்குள் பிரேக் இருந்தால் அந்தச் சூடும் சேரும். வருடக்கணக்கில் பயன்படுத்தியவர்கள் எப்போது மாற்றினீர்கள்? அப்புறம், சாஃப்ட் ஷேக்கிள் (இரும்புக் கொளுவிக்குப் பதிலான கயிற்று வளையம்) பாறையில் உரசினால் தாங்குகிறதா? வின்ச் கயிற்றை மாட்ட மரத்தில் கட்டும் பட்டை எவ்வளவு அகலம் வைத்திருக்கிறீர்கள்?