அம்மாவைப் பராமரிக்க வந்தவர் துன்புறுத்துகிறார் என்று அஞ்சுகிறேன். முதலில் எங்கே போவது?

கொக்குவில் மகள்:
பாரிசவாதத்தால் வலப்பக்கம் செயலிழந்த என் அம்மாவுக்கு 81 வயது. நான் கொழும்பில் வேலை செய்வதால், முகவர் நிலையம் ஒன்றின் ஊடாக ஒரு பெண்ணை வீட்டோடு தங்கிப் பார்க்கும்படி ஒழுங்கு செய்திருந்தோம். நேற்று வந்து சட்டை மாற்றிவிடும்போது, இடது மேற்கையின் உட்புறத்தில் நான்கு விரல்கள் அழுந்தியதுபோல நீலத் தழும்புகள் இருந்தன. "கட்டிலில் இடிபட்டது" என்று அந்தப் பெண் முந்திக்கொண்டு சொன்னார். அவர் கிணற்றடிக்குப் போன பிறகுதான் அம்மா என் கையைப் பிடித்து, "அவ நிக்கேக்க ஒண்டும் கேளாதை, பிள்ளை" என்றார். நிலையத்தினரோ, வேறு ஆளைத் தருகிறோம், விடயத்தைப் பெரிதாக்க வேண்டாம் என்கிறார்கள். அம்மா இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் குளிசை எடுப்பவர், அதனால் இலேசாகவே தோல் கன்றிவிடும் என்பதால், அநியாயமாகப் பழி சுமத்திவிடுவேனோ என்றும் பயமாக இருக்கிறது.

ஓய்வுபெற்ற தாதி:
தங்கச்சி, வார்ஃபரின் எடுப்பவர்களுக்குச் சிறு அடியிலும் தோல் கன்றுவது உண்மைதான்; ஆனால் கட்டில் விளிம்பில் இடிபட்டால் மேற்கையின் உட்புறத்தில் விரல் வரிசை விழாது. தலையில் அடிபட்டிருந்தால் அந்தக் குளிசையே உள்ளே இரத்தக் கசிவை மோசமாக்கும் என்பதால், இன்றே போதனா வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். நிறத்தை வைத்துத் தழும்பின் வயதைத் திட்டமாகச் சொல்ல முடியாது. ஆகவே பக்கத்தில் அடிமட்டம் வைத்து இன்றைக்கே படம் எடுத்துவிடுங்கள். முதுகு, குதிகால், காதின் பின்புறம் எல்லாவற்றையும் பாருங்கள். சந்தேகத்தை வைத்தியரிடம் வெளிப்படையாகச் சொல்லி, காயங்களைப் பார்த்து நீதிமன்றத்துக்கு அறிக்கை தரும் சட்ட வைத்திய அதிகாரி பரிசோதிக்க வேண்டும் என்று கேளுங்கள். அந்தப் பெண்ணோடு அம்மாவை ஓர் இரவுகூடத் தனியே விடாதீர்கள்.

நல்லூர்ச் சட்டத்தரணி:
2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் துணைவருக்கும் உறவினருக்கும் எதிரானது. சம்பளத்துக்கு வந்தவர் அதில் அடங்கமாட்டார். 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் சட்டத்தின் கீழான பராமரிப்புச் சபையும், பிள்ளைகளிடம் பராமரிப்புக் கோரும் பெற்றோருக்கே உரியது. எனவே, வேண்டுமென்று காயம் விளைவித்ததாகத் தண்டனைச் சட்டக்கோவையின் 314ஆம் பிரிவின் கீழ் உங்கள் பகுதிப் பொலிஸில் முறையிடுவதே நேரான வழி. வாக்குமூலத்தைத் தமிழில் எழுதுவித்து, வாசித்துப் பார்த்த பின் கையெழுத்திடுங்கள். முறைப்பாட்டு இலக்கத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். கண்டதை மட்டும் சொன்னால் அது பழி சுமத்துவதாகாது. சட்டத்தரணிக்கு வசதியில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.

மானிப்பாயிலிருந்து:
அக்கா, எங்கள் அப்பம்மாவுக்கும் இதுதான் நடந்தது. ஆளை மாற்றியதோடு நாங்கள் பேசாமல் இருந்துவிட்டோம். இரண்டு மாதம் கழித்து அதே பெண் பக்கத்து ஒழுங்கையில், பேச்சிழந்த ஓர் ஐயாவைப் பார்க்க வந்து நின்றார். அந்த வீட்டுக்காரரிடம் போய்ச் சொல்ல எங்கள் கையில் ஒரு துண்டுக் கடதாசிகூட இருக்கவில்லை. நிலையத்துக்கும் எழுத்தில் கொடுத்துப் பிரதியை வைத்திருங்கள்.

கொக்குவில் மகள்:
எல்லோருக்கும் நன்றி. அம்மா இப்போது வைத்தியசாலை விடுதியில் இருக்கிறார். சட்ட வைத்திய அதிகாரி நாளை காலை பார்ப்பார். என்னோடு தனியே இருந்தபோது, இரவில் மலசலகூடத்துக்குப் போகக் கேட்டால்தான் அடி விழுந்தது என்று சொன்னார். அதனால் மாலை ஆறு மணிக்குப் பிறகு தண்ணீரே குடிக்காமல் இருந்திருக்கிறார்.