ஆண்டு முழுவதும் அரிக்கும் நாய்க்கு உணவு ஒவ்வாமையா என்று எப்படி உறுதி செய்வது?

கேள்வி: ஜெலுத்தோங் வாசகி

அனைவருக்கும் வணக்கம். பினாங்கு ஜெலுத்தோங்கில் எங்கள் வீட்டில் ஐந்து வயதுக் கலப்பினப் பெண் நாய் ஒன்று வளர்கிறது. ஓராண்டுக்கும் மேலாக அதன் காதுகள் அடிக்கடி சிவந்து அழுக்குக் கட்டுகின்றன. முன்னங்கால்களை ஓயாமல் நக்குவதால் அங்குள்ள வெள்ளை முடி செம்பழுப்பாகிவிட்டது. வாலுக்கு அடியிலும் தரையில் தேய்த்துக்கொண்டே இருக்கிறது. ஈஸ்ட் என்னும் பூஞ்சைத் தொற்று என்று மருத்துவர் காதுக்குச் சொட்டுமருந்தும் குளிப்பாட்ட மருந்து ஷாம்புவும் கொடுத்தார். அவற்றைப் பயன்படுத்தும் வரை குணம் தெரிகிறது. நிறுத்திய சில வாரங்களில் எல்லாம் திரும்பி வந்துவிடுகிறது. அடிப்படையில் உணவு ஒவ்வாமை இருக்கலாம், எட்டு வாரம் உணவை மாற்றிச் சோதித்துப் பார்ப்போம் என்று இப்போது சொல்கிறார்.

இதில் எங்கள் வீட்டில் ஒத்த கருத்து இல்லை. கோழித் தீனியை விட்டு ஆட்டிறைச்சித் தீனிக்கு மாறிப் பார்த்தும் வேறுபாடு தெரியாததால், உணவு காரணமே இல்லை என்று என் கணவர் கருதுகிறார். குட்டியாக இருந்த நாள் முதல் ஒத்துக்கொண்ட சாப்பாடு இப்போது மட்டும் எப்படி ஒத்துக்கொள்ளாமல் போகும் என்று மாமியார் கேட்கிறார். நாய்க்குத் தயிர்ச்சோறு பிசைந்து ஊட்டுவது அவர்தான். எட்டு வாரம் காத்திருப்பதற்குப் பதில் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளலாமா? வீட்டிலேயே சமைத்துப் போடலாமா? எங்கள் வீட்டுக்குள் மாட்டிறைச்சி வருவதே இல்லை என்பதால் அதைக் காரணங்களின் பட்டியலிலிருந்து நீக்கிவிடலாமா? அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.


பதில்: பட்டர்வொர்த் அன்பர்

வணக்கம் சகோதரி. நான் பல ஆண்டுகளாக விலங்கு மருத்துவ நிலையத்தில் உதவியாளராகப் பணிபுரிகிறேன். உங்கள் மருத்துவர் சொல்லும் வழியே சரியான வழி. அதைத் தயவுசெய்து பாதியில் விட்டுவிடாதீர்கள்.

முதலில் உங்கள் மாமியாரின் கேள்விக்கு வருகிறேன், ஏனென்றால் அந்தக் கேள்விக்கு விடை கிடைக்காத வீட்டில் இந்தச் சோதனை நிலைப்பதில்லை. ஒவ்வாமை என்பது உடல் ஏற்கெனவே சந்தித்துப் பழகிய ஒரு புரதத்தை ஒரு கட்டத்தில் எதிரியாகக் கருதத் தொடங்குவது. அதனால், பல ஆண்டுகளாக ஒத்துக்கொண்டது என்பது ஒரு பொருளைக் குற்றமற்றது என்று காட்டாது. நாள்தோறும் உண்ணும் பொருள்களே பெரும்பாலும் காரணமாகின்றன. ஒவ்வாமை உறுதி செய்யப்பட்ட 297 நாய்களைப் பற்றிய பதிவுகளைத் தொகுத்து 2016-இல் வெளியான ஓர் ஆய்வில், மாட்டிறைச்சி 34 விழுக்காட்டு நாய்களுக்கும், பால்பொருள்கள் 17 விழுக்காட்டுக்கும், கோழி 15 விழுக்காட்டுக்கும், கோதுமை 13 விழுக்காட்டுக்கும் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரே நாய்க்கு ஒன்றுக்கு மேற்பட்டவையும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். தயிர் அந்தப் பட்டியலில் இரண்டாவது இடத்தில் இருப்பதை அம்மாவிடம் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள். அரிசி மிக அரிதாகவே காரணமாகிறது.

மாட்டிறைச்சியை நீக்கிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடாது. உங்கள் சமையலறைக்குள் அது வராமல் இருக்கலாம். நாயின் தட்டுக்கு வராமல் இருக்கிறதா என்பது வேறு விஷயம். கடைத் தீனிப் பையின் பின்புறத்தில் உள்ள சிறிய எழுத்துகளைப் படியுங்கள். ‘ஆட்டிறைச்சி’ என்று முன்புறம் பெரிதாக எழுதப்பட்ட தீனியில் கோழித் தூளும் கோதுமையும் கலந்திருப்பது மிகச் சாதாரணம். நாய் கடித்து விளையாடுவதற்கென்று விற்கும் வெண்ணிறத் தோல் எலும்பு பெரும்பாலும் மாட்டுத்தோலால் செய்யப்படுகிறது. மாட்டிறைச்சி உண்ணாத எத்தனையோ நம் வீடுகளில் அது ஒரு மூலையில் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். உங்கள் கணவர் சொல்லும் ஆட்டிறைச்சித் தீனி முயற்சி எதையும் நிரூபிக்காததற்கு இதுவே காரணம். அந்தப் பையில் பழைய புரதங்கள் இருந்திருக்கலாம். தயிர்ச்சோறும் தொடர்ந்திருக்கிறது. ஆட்டுக்கும் மாட்டுக்கும் புரத ஒற்றுமை உண்டு என்பதால், மாடு ஒத்துக்கொள்ளாத சில நாய்களுக்கு ஆடும் ஒத்துக்கொள்வதில்லை.

இரத்தப் பரிசோதனைக்கும், உமிழ்நீர், முடி ஆகியவற்றை அனுப்பிச் செய்துகொள்ளும் பரிசோதனைக்கும் பணம் செலவழிக்க வேண்டாம். உணவு ஒவ்வாமையைக் கண்டறிய அவற்றை நம்ப முடியாது. முற்றிலும் நலமாக உள்ள நாய்க்கும் ஒவ்வாமை இருப்பதாக அவை காட்டிவிடுவதுண்டு. உணவை மாற்றிப் பார்ப்பதும், பின்பு பழைய உணவை மீண்டும் கொடுத்துப் பார்ப்பதும் தவிர இதற்கு வேறு நம்பகமான சோதனை இன்றுவரை இல்லை.

எட்டு வாரம் என்பதற்கும் காரணம் உண்டு. உணவு ஒவ்வாமை உள்ள நாய்களில் ஐந்து வாரங்களில் 80 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவற்றுக்கும், எட்டு வாரங்களில் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவற்றுக்கும் குணம் தெரிந்துவிடுகிறது. வயிற்றுப்போக்கு போன்ற குடல் தொல்லைகள் விரைவில் அடங்கும். தோல் மெதுவாகத்தான் தேறும். மூன்றாம் வாரத்தில் ஒன்றும் மாறவில்லை என்று சலித்து நிறுத்திவிடுவதைத்தான் நாங்கள் அதிகம் காண்கிறோம். அந்த வாரங்களின் உழைப்பு அப்படியே வீணாகிவிடுகிறது.

தொடங்குவதற்கு முன் செய்ய வேண்டியவை இரண்டு. ஒன்று, தெள்ளுப்பூச்சியையும் உண்ணியையும் முழுமையாகக் கட்டுப்படுத்துங்கள். இரண்டு, காதிலும் பாதத்திலும் உள்ள ஈஸ்ட் தொற்றை முழுமையாகக் குணப்படுத்துங்கள். அது இருக்கும் வரை எந்த உணவைக் கொடுத்தாலும் அரிப்பு தொடரும். குளிர்நாடுகளில், பருவம் மாறினாலும் அரிப்பு மாறாமல் ஆண்டு முழுவதும் இருப்பதை உணவு ஒவ்வாமைக்கான அறிகுறியாகக் கொள்வார்கள். நமக்கு அது உதவாது. பினாங்கின் வெப்பத்திலும் ஈரத்திலும் தெள்ளுப்பூச்சி, வீட்டுத் தூசியில் வாழும் நுண்பூச்சி, ஈஸ்ட் எல்லாமே பன்னிரண்டு மாதமும் செழிக்கின்றன. அதனால்தான் இங்கே முறையான உணவுச் சோதனை இன்னும் கூடுதலாகத் தேவைப்படுகிறது.


பதில்: செந்தூல் வாசகர், கோலாலம்பூர்

எங்கள் நாயை இந்தச் சோதனைக்கு உட்படுத்திக் குணம் கண்டவன் என்ற முறையில், சமையலைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

வீட்டுச் சமையல் செய்யலாம். ஆனால் அது நாம் நினைப்பதைவிடக் கண்டிப்பானது. நாய் இதுவரை உண்டிராத ஒரே ஓர் இறைச்சியையும், ஒரே ஒரு மாவுப்பொருளையும் தேர்ந்தெடுத்து, எட்டு வாரமும் அவற்றைத் தவிர வேறெதுவும் கொடுக்கக் கூடாது. நாங்கள் முயல் இறைச்சியையும் பூசணிக்காயையும் தேர்ந்தெடுத்தோம். கங்காரு இறைச்சி உறைநிலையில் கிடைத்தால் அதுவும் பொருத்தமானது, ஏனெனில் கோழிக்கும் மாட்டுக்கும் அது தூரத்து உறவு. வாத்து புதியதுதானே என்று பலர் அதை நாடுகிறார்கள்; கோழியும் வாத்தும் பறவையினம் என்பதால் அது பாதுகாப்பான தேர்வு அன்று. மாவுப்பொருளாகச் சர்க்கரைவள்ளிக் கிழங்கும், நன்கு வேகவைத்த மரவள்ளியும் நம் ஊரில் எளிதில் கிடைக்கின்றன.

உப்பு, மசாலா எதுவும் சேர்க்காமல் தனிப் பாத்திரத்தில் வேகவைக்க வேண்டும். குழம்பு ஊற்றிப் பிசைந்து கொடுக்கும் பழக்கம் ஒவ்வாமை இல்லாத நாய்க்குமே ஆபத்தானது என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடியவை. வேகவைத்தாலும் அந்த நச்சு போவதில்லை.

எலும்பு நீக்கிய இறைச்சியில் பாஸ்பரஸ் மிகுதி, கால்சியம் மிகக் குறைவு. வளர்ந்த நாய் சில வாரங்களைச் சமாளித்துவிடும். வளரும் குட்டிக்கு இப்படிக் கொடுத்தால் எலும்புகள் பாதிக்கப்படும். எப்படியானாலும் கால்சியம் எவ்வளவு சேர்ப்பது என்பதை மருத்துவரிடம் எடைக்கேற்பக் கேட்டுக்கொள்ளுங்கள். கோலாலம்பூர்ப் பக்கம் இருப்பவர்களுக்குச் செர்டாங்கில் உள்ள புத்ரா மலேசியாப் பல்கலைக்கழகத்தின் விலங்கு மருத்துவமனை இருக்கிறது. சோதனை முடிந்த பிறகும் வீட்டுச் சமையலைத் தொடர விரும்பினால், விலங்குகளின் ஊட்டச்சத்து அறிந்த ஒருவர் வகுத்துத் தராமல் தொடராதீர்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சேர்க்கிறேன். தைப்பூச விரதம் இருக்கும் வீடுகளில் பல வாரங்களுக்கு அடுப்பில் இறைச்சி ஏறாது. அந்தக் காலத்தில் சோதனை வருமானால், மருத்துவர் பரிந்துரைக்கும் ஹைட்ரோலைஸ்டு தீனியே நல்லது. அதில் புரதம் மிகச் சிறு துண்டுகளாக உடைக்கப்பட்டிருக்கும். மாலையை உதிரிப் பூக்களாக உதிர்த்துவிட்டால் அது யார் கட்டிய மாலை என்று தெரியாததைப் போல, உடலின் எதிர்ப்பு ஆற்றலால் அந்தத் துண்டுகளைப் பெரும்பாலும் அடையாளம் காண முடிவதில்லை. சில வகைகள் சோயாவிலிருந்தும், சில கோழியின் ஈரல் அல்லது இறகிலிருந்தும் செய்யப்படுகின்றன. அவற்றுக்கும் எதிர்வினை காட்டும் நாய்கள் சில உண்டு. விலையும் கூடுதல்தான், ஆனால் சமநிலைச் சத்துணவு என்பதால் கால்சியக் கணக்கு எதுவும் பார்க்க வேண்டியதில்லை.


கேள்வி கேட்டவர்: ஜெலுத்தோங் வாசகி

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. ஹைட்ரோலைஸ்டு தீனியையே தேர்ந்தெடுக்கிறோம். மாமியாரும் தயிர்ச்சோற்றை நிறுத்த ஒத்துக்கொண்டார். இன்னும் இரண்டு ஐயங்கள். மாதந்தோறும் கொடுக்கும் இதயப்புழுத் தடுப்பு மாத்திரை மென்று தின்னும் வகையைச் சேர்ந்தது. அதை நிறுத்த வேண்டுமா? எட்டு வாரத்தில் அரிப்பு நின்றுவிட்டால், அதே தீனியை அப்படியே வாழ்நாள் முழுவதும் கொடுத்துவிடலாம் அல்லவா?


பதில்: பட்டர்வொர்த் அன்பர்

மாத்திரையைப் பற்றிக் கேட்டது மிக நல்லது. மென்று தின்னும் மாத்திரைகள் பலவற்றில் மாட்டிறைச்சிச் சுவை சேர்க்கப்படுகிறது, சோயாவும் இருக்கலாம். ஆனால் கொசு வழியாகப் பரவும் இதயப்புழு உயிரைப் பறிக்கும் நோய் என்பதால், தடுப்பை ஒருபோதும் நிறுத்தக் கூடாது. சுவை சேர்க்காத மாத்திரையையோ, பிடரித் தோலில் விடும் சொட்டுமருந்தையோ மருத்துவரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நாய்களுக்கான பற்பசையில் கோழிச் சுவையும், மருந்துக் கூடுகளில் விலங்கு ஜெலட்டினும் இருக்கலாம். மாத்திரையை வாழைப்பழத்திலோ வெண்ணெயிலோ பொதிந்து கொடுக்கும் வழக்கத்தையும் இந்த வாரங்களில் விட்டுவிட்டு, ஈரப்படுத்திப் பிசைந்த அதே தீனியில் பொதிந்து கொடுங்கள்.

அரிப்பு தாங்க முடியாத நிலையில் இருந்தால், தொடக்க வாரங்களில் மருத்துவர் அரிப்பை அடக்கும் மருந்து கொடுக்கலாம். அதனால் சோதனை கெட்டுவிடாது. ஆனால் கடைசி வாரங்களில் அந்த மருந்தை நிறுத்திவிட்டு, உணவு மட்டுமே துணையாக இருக்கும்போது நாய் எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும். நீண்ட நாள் வேலை செய்யும் ஸ்டீராய்டு ஊசி மட்டும் வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அதைப் போட்டுவிட்டால் குணம் எதனால் வந்தது என்று சொல்லவே முடியாது.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். குணமான நாயிடம் பழைய உணவை மீண்டும் கொடுத்துப் பார்ப்பதற்கு யாருக்கும் மனம் வருவதில்லை. எனக்கும் அது புரிகிறது. ஆனாலும் செய்யுங்கள். தெள்ளுப்பூச்சி மருந்தாலும், தொற்று நீங்கியதாலும்கூட அரிப்பு நின்றிருக்கலாம். பழைய உணவைக் கொடுத்து, அரிப்பு திரும்பி, புதிய உணவால் மறுபடியும் அடங்கினால்தான் அது உணவு ஒவ்வாமை. திரும்புவதானால் சில மணி நேரத்திலிருந்து இரண்டு வாரத்துக்குள் திரும்பிவிடும். அரிப்பு தொடங்கிய உடனே பழைய உணவை நிறுத்திவிடலாம், இரண்டு வாரமும் பொறுத்திருக்க வேண்டியதில்லை. இரண்டு வாரமும் ஒன்றும் ஆகவில்லை என்றால் உணவு காரணம் அன்று. தூசி போன்ற சுற்றுப்புற ஒவ்வாமைக்கான சிகிச்சையை மருத்துவர் அடுத்துத் தொடங்குவார். வாழ்நாள் முழுவதும் விலை உயர்ந்த தீனி வாங்கும் சுமையும் உங்களுக்கு இல்லை.

உணவுதான் காரணம் என்று உறுதியானால், நாய் மறுபடி நலமான பிறகு, அதே ஹைட்ரோலைஸ்டு தீனியோடு ஒரு முறைக்கு ஒரு பொருளை மட்டும் இரண்டு வாரம் சேர்த்துப் பாருங்கள். வேகவைத்த கோழியை முதலில் சோதிப்பது நல்லது, ஏனெனில் பெரும்பாலான கடைத் தீனிகளில் அது இருப்பதால் இனி எந்தத் தீனியை வாங்கலாம் என்பதை அதுவே தீர்மானிக்கும். அடுத்துத் தயிரைச் சோதித்தால் மாமியாருக்கும் தெளிவான விடை கிடைக்கும். மாட்டிறைச்சியை வீட்டில் சமைத்துச் சோதிக்க நீங்கள் விரும்பமாட்டீர்கள். அதற்காக வருந்த வேண்டாம்; அது சேர்ந்த தீனியையும் தோல் எலும்பையும் நிலையாக விலக்கிவிட்டாலே போதும். ஒவ்வொரு பொருளையும் தொடங்கிய தேதியையும், அரிப்பின் அளவையும் சமையலறை நாள்காட்டியிலேயே குறித்து வையுங்கள். அடுத்த முறை கிளினிக்குக்குப் போகும்போது அந்தத் தாள்களைக் கிழித்து எடுத்துப் போனால் மருத்துவருக்கு வேறு விளக்கம் தேவைப்படாது.