ஆரவாரமில்லாத கிரேக்கத் தீவு எது?

கேள்வி (வெள்ளவத்தை):
செப்டெம்பரில் நானும் மனைவியும் கிரேக்கத்தில் ஒரு வாரம் அமைதியாகத் தங்க விரும்புகிறோம். சன்டோரினியின் நெரிசல் வேண்டாம். எந்தச் சிறு தீவு பொருந்தும்?

பதில் (கொட்டாஞ்சேனை):
ஃபோலெகாண்ட்ரோஸ். அங்கே விமான நிலையம் இல்லாததால், ஏதென்ஸில் இறங்கிப் பிரேயஸ் துறைமுகத்தில் கப்பல் ஏற வேண்டும். கூட்டம் குறைந்திருப்பதற்கும் அதுவே காரணம் என்பேன். செங்குத்துப் பாறை விளிம்பில் அமைந்த ஹோரா என்ற ஊரிலிருந்து வளைந்து வளைந்து மேலேறும் பாதை, வெள்ளை வெளேரென்ற பனாயியா தேவாலயத்தில் முடிகிறது. அங்கிருந்து மாலைக் கடலைப் பார்த்தபின் கொழும்பின் காலிமுகத்திடல் கடற்கரையில் எனக்கு மனம் ஒட்டவில்லை. மாட்சாட்டா என்ற கையால் செய்த பாஸ்தாவை முயல் இறைச்சியோடு தருவார்கள். உறைப்பை மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

பதில் (தெஹிவளை):
கிரேக்கம் உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகளுக்கான பொது விசாவான ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு 6 மாதங்களுக்கு முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். மெல்டெமி என்னும் வடகாற்று வலுத்தால் கப்பல்கள் நின்றுவிடும். ஆகவே விமானத்துக்கு முதல்நாளே ஏதென்ஸுக்குத் திரும்பிவிடுங்கள்.